தண்ணீர் ஜக் இருந்த இடம்

சாப்பாட்டு மேசையைத் தேய்த்துப் புதுசாக்கப் போவதாக மனைவி சொன்னபோது தட்டச்சர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். படிக்கவில்லை. ஆறு மாதமாக அவர் எதையும் படிக்கவில்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது ஒரு சாம்பல் கறைக்குள் போய்விடும். சுற்றியிருப்பது மட்டும் மிஞ்சும். எதிரே நிற்கும் மனைவியின் முகம் தெரியாது, தோடு தெரியும். முழுக்க இருட்டிவிடாது, ஆனால் போன நடுப்பார்வை திரும்பவும் வராது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

அலுவலகத்தில் சிக்கல் இல்லை. வக்கீல் சொல்லச் சொல்ல இவர் அடிப்பார். சரிபார்ப்பது ஜூனியரின் வேலை. முப்பது வருடமாக விசைகளைக் குனிந்து பார்க்காதவர் இனிமேல் பார்க்கவா போகிறார். வீட்டில் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த மேசைதான்.

அதில் மூன்று தழும்புகள் இருந்தன. அவர் நாற்காலிக்கு நேரே, விளிம்பில் ஒரு வெட்டு. எப்போதோ ரொட்டி அறுக்கும்போது அவரே போட்டது. இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, சூடான பாத்திரம் வைத்துக் கருகிய வட்டம். வலப்பக்கம், மகன் பள்ளிக்கூட நாளில் கவராயத்தால் குடைந்த குழி. கருகிய இடம் எப்படியும் கெட்டுப்போனதுதானே என்று மனைவி தண்ணீர் ஜக்கை அதன் மேல்தான் வைப்பாள். குழியை மறைக்க ஒரு சின்னத் தட்டு. அதில் உப்பும் அவருடைய மாத்திரை டப்பாவும். கட்டைவிரலை வெட்டில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் கைக்குத் தெரியும்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மாமனார். அவருக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போயிற்று. தன் அம்மா அவரை ஒரு துரும்பு அசைக்க விடாமல் பார்த்துக்கொண்டதை, மூன்று வேளையும் ஊட்டிவிட்டதை, மனைவி பெருமையாகச் சொல்வாள். தட்டச்சர் அந்த மனிதரைப் பார்த்திருக்கிறார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி நாற்காலியில் இருப்பார். என் தம்ளரை நானே எடுத்துக் குடிக்கிற வரைக்கும் என்னை யாரும் அப்படி வைக்க முடியாது என்று தட்டச்சர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. விடுமுறை விட்டிருந்தார்கள். எதையும் அளந்து, சீட்டு ஒட்டி, ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தொடுவாள். விஞ்ஞானி என்று அவர் அவளைக் கூப்பிடுவது அதனால்தான். மேசை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் முனகினார். நன்றாக இருக்கிற லட்சணத்துக்குத்தான் ஆள் வந்தால் துணி போட்டு மூட வேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கூடத்தின் நடுவில் பழைய விரிப்பைப் போட்டு மேசையை அதன் மேல் நகர்த்தினார்கள். பழைய வார்னிஷை அவள் மருந்து தடவிச் சுரண்டி எடுத்தாள். பிறகு உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நடுத்தரம், கடைசியில் மாவு மாதிரி நைசானது. தேய்க்கிற வேலை அவருக்கு. மரத்தின் ரேகையோடு தேய்க்கச் சொன்னாள். ரேகை அவர் விரலுக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் குனிந்து பார்த்துச் சமம் என்று சொன்ன இடத்தில் அவர் ஒரு மேட்டைக் கண்டுபிடித்தார்.

"என் கண்ணைவிட உங்க விரல் நல்லா பாக்குதுங்க," என்றாள்.

அவர் அடுத்த தாளை எடுத்தார்.

கருகிய வட்டத்தை அவளே பிளேடால் சுரண்டினாள். தேய்த்த மரத்தூளைப் பசையில் குழைத்துக் கவராயக் குழியை அடைத்தாள். மீந்த தூளை ஒரு பாட்டிலில் போட்டு, 'மேசைத் தூள்' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். இரண்டாம் நாள் மாலை விளிம்பில் இருந்த வெட்டு மட்டும் பாக்கி. அவர் அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய சாமானுக்கு ஒன்றிரண்டு தழும்பு இருந்தால்தான் களை என்று சொல்லிப் பார்த்தார். தழும்பு வேண்டுமென்றால் அவர் முழங்காலில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் அவள். தாளைக் கட்டைவிரலில் சுற்றி வெட்டின் மேல் வைத்து அழுத்தினார். அது ஆழம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கோடாகி, பிறகு இல்லாமல் போயிற்று. அரை மணி நேரம் ஆனது. போட்டதற்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

இரண்டு பூச்சு வார்னிஷ். காய்கிற வரைக்கும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

புது மேசையின் மேல் எந்த இடமும் கெட்ட இடமாக இல்லை. ஆகவே மனைவி ஜக்கை எங்கே வேண்டுமானாலும் வைத்தாள். முதல் நாள் காலையில் அவர் கை இடப்பக்கம் போய் வெறும் பலகையைத் தடவிவிட்டுத் திரும்பியது. மதியம் மாத்திரைக்கு நீட்டிய கை தம்ளரைத் தட்டிவிட்டது. பரவாயில்லை, வார்னிஷ் தாங்கும் என்று அவள் துடைத்தாள். மறுநாள் தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, காட்டிக்கொள்ளாமல் முழுசாகக் குடித்தார். மூன்றாம் நாள் நாற்காலியை அரை முழம் தள்ளிப் போட்டு, தட்டுக்கு எதிரே உட்காராமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பேசுவதை நிறுத்திவிட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்திவைத்தாள். அந்தத் தட்டு நகர்ந்த சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் மேசையோரத்தில் இலை வரைய வண்ணம் வாங்கிவருவதாகச் சொல்லி அவள் கிளம்பினாள். கதவு சாத்தியதும் அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனார். விளிம்பின் அடிப்பக்கம் ஒரு கீறல் போட்டால் மேலே தெரியாது, விரலுக்குத் தெரியும். இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பார். கதவு மறுபடி திறந்தது. அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

"அடியில என்ன பண்றீங்க?"

ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கையில் கருவி இருந்தது, பொய் தயாராக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இரவு சாப்பாடு இருந்தது, நாளைக் காலை இருந்தது.

"என் இடத்தைத் தேடிட்டிருக்கேன்," என்றார்.

"உங்க இடம் எங்க போச்சு?"

"தேச்சிட்டோம்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர் சொன்னது, வெட்டு, ஜக், குழி, எதையும் விடவில்லை. அவள் நின்றபடி கேட்டாள். சொல்லி முடித்த பிறகு ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அவள் முகத்தை ஓரக்கண்ணில் பிடிக்க அவர் தலையைத் திருப்பவில்லை.

"அப்ப பேப்பர்?"

"சும்மா விரிச்சு வெச்சுக்கிறது."

"போன வாரம் தலைகீழா பிடிச்சிருந்தீங்க. என்னைச் சிரிக்க வைக்கிறீங்கன்னு நெனச்சேன்." கையை மேசை மேல் வைத்தாள். "தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உங்க கையாலயே தேச்சீங்களே."

அவர் மாமனாரைப் பற்றிச் சொன்னார். கொண்டுவந்து வைத்த மாதிரி என்ற வார்த்தையையும் சொல்லிவிட்டார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வேண்டாம் வேண்டாம்னுதான் அப்பா சொன்னாரு. அம்மா கேக்கல."

இத்தனை வருடத்தில் அந்த ஒரு பகுதியை அவள் சொன்னதே இல்லை.

அதன் பிறகு எழுந்து போய் அளவுகோலும் நோட்டும் கொண்டுவந்தாள். அவரை நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். ஜக் எங்கே இருந்தது என்று கேட்டாள். அவர் யோசிக்காமல் கையை நீட்டினார். இருபத்திரண்டு செண்டிமீட்டர் என்று வாய்விட்டுப் படித்து எழுதிக்கொண்டாள். மாத்திரை டப்பாவுக்கும் அப்படியே. மறுபடி கடைக்குப் போய் வண்ணத்தோடு வந்தாள். குறித்த இடங்களில் மட்டும் வார்னிஷைத் தாளால் சொரசொரப்பாக்கி, பாட்டிலில் இருந்த மேசைத் தூளைப் பசையில் குழைத்து, மேடாக இலை வைத்தாள். இடப்பக்கம் ஜக் உள்ளே உட்காரும் அளவுக்கு இலைகளால் ஒரு வட்டம். வலப்பக்கம் மூன்று இலை. அவருக்கு நேரே விளிம்பில் ஒன்று.

"ஊட்டி விடமாட்டியே?" என்றார்.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

அவள் குனிந்து வலப்பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் கட்டைவிரல் பழக்கத்தில் விளிம்புக்குப் போய்விட்டது. ஈர இலை நசுங்கி, நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.

"அய்யோ, இன்னும் காயலங்க," என்று பசை தடவும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பள்ளத்தைப் பார்த்தாள். அவர் விரலை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தார். கத்தியைத் துணியில் துடைத்து வைக்கும் சத்தம் கேட்டது.

காய்ந்ததும் எல்லா இலைக்கும் பச்சை பூசினாள், வார்னிஷ் அடித்தாள். அந்தப் பள்ளத்தை அடைக்கவில்லை.

மேசையில் மறுபடி சாப்பிட உட்கார்ந்த காலையில் ஜக் வட்டத்துக்குள் இருந்தது. அவர் தம்ளரில் தண்ணீரை ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது, அவரே துடைத்தார். பிறகு செய்தித்தாளை விரிக்காமல் மடித்தபடியே எதிர்ப்பக்கம் தள்ளினார். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கவா கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கவா என்று கேட்டாள்.