மூன்றாவது வளைவு

மோனிஷாவின் கார் மூன்றாவது வளைவில் மறுபடியும் தடத்தை விட்டு விலகி, செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு நின்றது. இது இரண்டாவது முறை. காரிமங்கலத்துக்கு வெளியே இருக்கும் இந்தப் பந்தயத் தடத்தில் இன்று மகளிர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆளுக்கு மூன்று சுற்று. ஒன்றையாவது எழுபத்திரண்டு நொடிக்குள் முடித்தால்தான் இடம். வாரத்தில் ஆறு நாள் கணவன் அமலனோடு மாறி மாறிக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை ஓட்டி, சேலத்துக்குத் தக்காளி கொண்டுபோகிறவள் அவள். தக்காளி இல்லாத ஒரு வண்டியை ஆசை தீர விரட்ட வேண்டும் என்பது மூன்று வருடக் கனவு.

காரை ஓரங்கட்டியதும் அணியின் மெக்கானிக் குரு ஓடி வந்தான்.

“அக்கா, பிரேக்கோட சேத்து க்ளட்சையும் மிதிச்சிடறீங்க. வளைவு முடியற வரைக்கும் கால எடுக்கறதே இல்ல. இஞ்சின் புடிமானம் இல்லாம வண்டி சும்மா உருளுது. நேரா வரும்போதே பிரேக் புடிங்க, கியர எறக்குங்க, க்ளட்ச வுட்டுட்டு அப்புறமாத் திருப்புங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அமலனுக்குப் பொறுக்கவில்லை. “மோனி, பயப்படாத! தொப்பூர்ல எறங்கற மாதிரி நியூட்ரல்ல வுடு, அதுவாப் போவும்!”

குரு தலையில் கைவைத்துக்கொண்டான். மோனிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சுருக்கென்றது. இந்த இடது கால் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது! சேலம் வழியில் தொப்பூர் மலை இறக்கம் வந்தால் டீசல் மிச்சமாகும் என்று க்ளட்சை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி, உருளவிட்டுப் போவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதில் அமலன் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. நியூட்ரலில் இறங்கக் கூடாது என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் இறங்குகிறார்கள். கவிழ்ந்து கிடக்கும் லாரியைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மறுநாளும் நியூட்ரல்தான். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

கடைசிச் சுற்று. மூன்றாவது வளைவு நெருங்கியதும் பிரேக்கை அழுத்தினாள். இடது கால் துறுதுறுத்தது. “இருடா” என்று ஹெல்மெட்டுக்குள் அதை அதட்டினாள். வேகம் நன்றாக இறங்கிய பிறகே க்ளட்ச், மூன்றாவது கியர், வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. க்ளட்சிலிருந்து காலை எடுத்தாள். இஞ்சின் உறுமியது. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி கார் அடங்கியது. அதன் பிறகு திருப்பினாள். செம்மண் எட்டவே நின்றுகொண்டது.

குரு கடிகாரத்தைக் காட்டினான். எழுபத்திரண்டு புள்ளி மூன்று.

புள்ளி மூன்று நொடியில் இடம் போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் அழுதாள்.

“அடுத்த மாசம் இன்னொரு செலக்ஷன் இருக்குதுக்கா.”

“இப்பவே எம்பேர எழுதிக்க.”

மறுநாள் காலை, முப்பது பெட்டித் தக்காளியோடு குட்டியானை தொப்பூர் இறக்கத்துக்கு வந்தது. அமலன் ஓட்டினான். வழக்கம்போல் அவன் கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளப் போனது. மோனிஷா அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

“மூணாவது கியர்லயே எறங்கட்டுங்க.”

“டீசல் குடிக்கும் மோனி.”

“குடிக்கட்டும்.”

அவன் அவளைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், பிறகு க்ளட்சிலிருந்து காலை எடுத்தான். முன்னால் போன லாரியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. குட்டியானை உறுமிக்கொண்டே, ஒரு பெட்டிகூட அசையாமல், அந்தப் பலகையைத் தாண்டி இறங்கியது. அவள் கை இன்னும் அவன் கைமேலேயே இருந்தது.