ரெண்டே போதும், மாப்பிள்ளை

குளிர்கால சூப்பர்மோட்டோ சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று. காலை ஏழரை மணிக்குப் பைக் பந்தயச் சங்கத் தலைவர் தன் மாப்பிள்ளைக்குக் கையுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு. கை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் டிராக்கில் யாரும் அதைச் சொல்வதில்லை. தலைவருக்கு நாலு டயர் கடை, ஒரே மகள். மகளைக் கட்டிய மறு மாதம் அவனுக்குப் பந்தய வண்டி வந்தது. அடுத்த மாதம் வண்டியை ஏற்ற ஒரு வேன் வந்தது. அதற்கும் அடுத்த மாதம் வேனுக்குள் ஹீட்டர். குளிரில் ரப்பர் விறைத்துவிடக் கூடாது என்று பந்தயத்துக்கு முன்னால் டயருக்கு மின்சாரப் போர்வை சுற்றுவார்கள். மாமனார் டயருக்கு ஒன்று சுற்றுவார், மாமியார் மாப்பிள்ளைக்கு ஒன்று போர்த்துவார். எந்தப் போர்வைக்குள் எது இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த மாப்பிள்ளைதான் புள்ளிப் பட்டியலில் முதலிடம். நாலு புள்ளி பின்னால், இரண்டாமிடத்தில் என் மனைவி.

அவள் பிளம்பர். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் முழங்கை வரை கைவிடுகிறவள். வேனில் பைப்புகளுக்கு நடுவே பந்தய வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவோம். தலைவர் கூட்டம் அவளைக் 'குழாய்க்காரி' என்று கூப்பிடும். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு மெக்கானிக். ஓட்டத்தின்போது வேலி ஓரம் நின்று, பின்னால் யார், எத்தனை விநாடி என்று எழுதிப் போர்டு காட்டுவதும் நான்தான்.

கோப்பை வாங்குகிறவருக்குக் கோடைகால அணி ஒன்றில் இடம். வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் அவர்கள் தருவார்கள். என் மனைவிக்கு முப்பத்தாறு முடியப்போகிறது. அடுத்த வருஷம் அவளை யாரும் கேட்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சூப்பர்மோட்டோ என்றால், மண்ணில் ஓடுகிற வண்டிக்குத் தார் ரோட்டு டயரை மாட்டி ஓட்டுவது. பாதையில் முக்கால்வாசி தார், கால்வாசி மண். மண்ணில் இரண்டு மேடு தாண்ட வேண்டும். மாப்பிள்ளை தாரில் புலி. மண்ணில் பூனை, அதுவும் தண்ணீரில் போட்ட பூனை. என் மனைவி நேர் எதிர். தாரிலும் மோசமில்லை, ஆனால் மண்ணைக் கண்டால் பறப்பாள்.

மண் பகுதியை மூடிவிட்டுத் தாரில் மட்டும் ஓடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் ஓட்டுநர்கள் கை தூக்கித் தீர்மானிப்பது சங்கத்து வழக்கம். இதுவரை நடந்த ஐந்து சுற்றில் மூன்றில் மூடியாகிவிட்டது. ஒரு தடவை ஈரம், ஒரு தடவை தூசி, இன்னொரு தடவை காரணம் சொல்லவே மறந்துவிட்டார்கள். திறந்திருந்த ஒரு சுற்றில் ஒருவனுக்கு முழங்கால் உடைந்தது. மாப்பிள்ளை அன்றைக்குத் தற்செயலாக முன்னால் போய்க்கொண்டிருந்ததால் தலைவருக்குப் பாதுகாப்பு ஞாபகம் வரவில்லை.

கேன்டீன் அறையில் கூட்டம். இருபத்தொரு பேர் வாயிலும் புகை போல மூச்சு.

"மண்ணு ராத்திரி பனியில கல்லா உறைஞ்சு கிடக்கு," என்றார் தலைவர். "எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. எனக்கு உங்க பாதுகாப்புதான் முக்கியம். மூடிடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

முதல் கை மாப்பிள்ளையுடையது. பிறகு டயர் கடையில் கடன் சொல்லி டயர் மாட்டுகிற ஏழு பேர். மற்றவர்கள் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் காலை ஆறு மணிக்கே மண்ணில் நடந்து பார்த்துவிட்டு வந்தவள். பத்து மணிக்கு வெயில் பட்டால் இளகிவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ஏம்மா, குழாய்க்காரம்மா, நீ என்ன சொல்றே?" என்றார் தலைவர். "அப்புறம் எங்க வீட்டு சிங்க் வேற அடைச்சிருக்கு. முடிஞ்சதும் வந்து பாத்துடு."

ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தாமதமாக, மாமனார் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

என் மனைவி கை தூக்கினாள்.

அவளே தூக்கிவிட்டாளே என்று மற்றவர்களும் தூக்கினார்கள். மண் மூடப்பட்டது.

வெளியே வந்ததும் வேனுக்குப் பின்னால் அவளை நிறுத்தினேன்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி..."

"மண்ணுல ஜெயிச்சா, சேத்துல ஜெயிச்சான்னு ஆயுசுக்கும் சொல்வாங்க. அவனோட தாருலயே வச்சு அடிக்கிறேன்."

"அடிப்பே. நீ முதல்ல வந்தா இருபத்தஞ்சு. அவன் ரெண்டாவது வந்தா இருபத்திரண்டு. ஒரு புள்ளியில அவனுக்குக் கோப்பை. நீ ஜெயிச்சா மட்டும் பத்தாது, அவன் மூணாவது வந்து இருபதோட நிக்கணும். தாருல அவன் மூணாவது வருவானா?"

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணக்கு அவளுக்கும் தெரியும். கை தூக்கும்போது மறந்துவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று வாய் வரை வந்தது. வீடு திரும்ப ஒரே வேன் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

"அந்த மூஞ்சியப் பாத்தீங்கள்ல?" என்றாள். "அதுகிட்ட போய் மண்ணை மூடாதீங்கன்னு கெஞ்சச் சொல்றீங்களா?"

பதினொரு மணிக்குக் கொடி விழுந்தது. பாதையைப் பதினைந்து தடவை சுற்ற வேண்டும். முதல் வளைவிலேயே அவள் முன்னால் போனாள், மாப்பிள்ளை இரண்டாவது. மாமனார் எனக்கு இரண்டடி தள்ளி வேலியோரம் நின்றார். இரண்டாவது சுற்றில் அவர் தூக்கிக் காட்டிய போர்டில் எழுதியிருந்தது: '2 போதும்.'

குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் என்று நினைத்துவிட்டேன்.

"என்ன சார், முந்தச் சொல்ல மாட்டீங்களா?" என்றேன்.

"எதுக்கு? கணக்குப் போட்டாச்சு. உன் பொண்டாட்டி முன்னாடி விளக்குப் பிடிச்சுட்டுப் போகட்டும், மாப்பிள்ளை பின்னாடி நடந்து வருவாரு."

மாப்பிள்ளையும் சொன்ன சொல் தட்டவில்லை. ஏழு சுற்று அவள் பின்சக்கரத்துக்கு ஒரு வண்டி நீளம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். நேர்ப்பாதையில் அவன் வண்டிதான் வேகம் என்று குழந்தைக்கும் தெரியும். பக்கத்தில் வருவான், மாமனார் போர்டைப் பார்ப்பான், அடங்கிவிடுவான். அவர்களுக்கு ஒன்பது விநாடி பின்னால் மூன்றாவதாகப் பல் டாக்டர். அவர் சேர்த்த காசில் தானே வாங்கிய வண்டி, யாருக்கும் போர்டு காட்ட வேண்டியதில்லாத மனிதர்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. எட்டாவது சுற்றில் என் போர்டில் எழுதிக் காட்டினேன்: 'மாமா சொல்: 2 போதும். டாக்டர் 9.'

ஒன்பதாவது சுற்றில் கடந்தபோது அவள் தலையை ஒரு தரம் ஆட்டினாள்.

பத்தாவது சுற்றில் மூன்று விநாடி தாமதமாக வந்தாள்.

எஞ்சின் போய்விட்டது என்றே நினைத்தேன். சத்தத்தைக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. பதினொன்றில் நாலு விநாடி தாமதம். தண்ணீர்த் தொட்டி ஓரத்துக் கொண்டை ஊசி வளைவில் அவள் கல்யாண ஊர்வலம் போல மெல்லத் திரும்பினாள். உள்பக்கம் ஒரு லாரி நுழைகிற அளவு இடம். மாப்பிள்ளை நுழையவில்லை. அவனும் பிரேக் பிடித்து, அவள் பின்னாலேயே மெல்லத் திரும்பினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் ஒன்பதில் இருந்து இரண்டுக்கு வந்திருந்தார்.

மாமனாருக்கும் உறைத்தது. போர்டை அழித்து 'முந்து' என்று எழுதினார். எழுதிய பிறகு யோசித்தார். முந்தும்போது வழுக்கி விழுந்தால்? அழித்தார். '2 போதும்' என்றார். டாக்டரைப் பார்த்தார், திரும்பவும் அழித்தார். பன்னிரண்டாவது சுற்றில் மாப்பிள்ளை கடந்தபோது போர்டில் இருந்தது '2 முந்து'. அதை எந்த மனிதன் எப்படிப் படிப்பான் என்று எனக்குத் தெரியாது. அவன் பழைய பாடத்தையே வைத்துக்கொண்டான்.

பதின்மூன்றாவது சுற்று. நான்காவது தடவையாகக் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் திறந்தது. மாப்பிள்ளை பார்த்தான். டாக்டரும் பார்த்தார். டாக்டர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, சொத்தைப் பல்லில் ஊசி இறக்குவதுபோல உள்ளே இறங்கினார்.

மாப்பிள்ளை மூன்றாவது.

இனி இரண்டு சுற்று. ஆனால் டாக்டர் என் மனைவியையும் முந்திவிட்டால் அவளுக்கு இருபத்திரண்டுதான், மாப்பிள்ளைக்குத்தான் கோப்பை. அவள் முறுக்கினாள். நாலு சுற்று மெல்லப் போனதில் டயர் ஆறிக் கிடந்தது. முதல் வளைவிலேயே பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போயிற்று. காலை ஊன்றி நிமிர்த்தினாள். டாக்டர் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் டயர் சூடாக இருந்தது, மனிதரும் சூடாக இருந்தார். ஒன்பது வருஷத்தில் எட்டாமிடத்துக்கு மேல் வராதவர், வாழ்க்கையில் முதல் தடவையாக முதலிடத்தின் பின்பக்கத்தைப் பார்க்கிறார். விடுவாரா?

கடைசிச் சுற்றில் இரண்டு தடவை அவர் முன்னால் போனார், இரண்டு தடவையும் அவள் திரும்பப் பிடுங்கினாள். கடைசி வளைவில் இரண்டு வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கட்டங்கட்டமான கொடி ஆடிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கி அவள் எண்ணைச் சொன்னது. அரைச் சக்கரம் முன்னால்.

மாமனார் நடுவரிடம் ஓடினார். நடுவர் வார நாட்களில் போக்குவரத்துப் போலீஸ்காரர்.

"வேணும்னே மெதுவா ஓட்டியிருக்கா. இது ரேஸா, நடைப் போட்டியா? புகார் எழுதிக்குங்க."

"முப்பது வருஷமா வண்டியைப் பிடிக்கிறேன்," என்றார் நடுவர். "மெதுவாப் போனதுக்கு இதுவரைக்கும் யாரையும் பிடிச்சதில்ல."

"விதிப் புத்தகத்த எடுங்க."

"நீங்கதான தலைவர், நீங்க எழுதின புத்தகம்தான. அதுல மெதுவாப் போற ஆள முந்தக் கூடாதுன்னும் எழுதல."

என் மனைவி வேனின் பின்கதவில் உட்கார்ந்து விரல்களுக்கு ஊதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வந்தான். ஹெல்மெட்டில் அமுங்கிய முடி தலையோடு ஒட்டியிருந்தது. கோபமாகப் பேசத்தான் வந்திருந்தான், வந்த இடத்தில் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அக்கா, ஏமாத்திட்டீங்க."

"என்ன ஏமாத்தினேன்? நாலு தடவை உள்பக்கம் திறந்து போட்டேன். ஒரு தடவை நீ வந்திருந்தா எனக்குக் கோப்பை போச்சு."

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டு?"

"மாமா போர்டுல..." என்றவன் நிறுத்திக்கொண்டான். அது எப்படிக் கேட்கிறது என்று அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

"நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் திறந்தேன்," என்றாள் என் மனைவி. "டாக்டரா இருந்தா திறந்திருக்கவே மாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தூரத்தில் ஹீட்டர் வேனிலிருந்து மாமனார் குரல் வந்தது: "மாப்பிள்ளே, அங்க என்ன பேச்சு? வாங்க, கிளம்பணும்."

மாப்பிள்ளை போனான். கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓடினான்.

கோடைகால அணியின் ஆள் ஒருவர் அட்டையில் செருகிய தாளை என் மனைவியிடம் நீட்டினார். அவளுக்கு விரல் விறைத்துப் பேனா நிற்கவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, என் உள்ளங்கையில் அட்டையை வைத்து, பெயர், தொழில் என்று வரிசையாக நிரப்பினாள். வயது என்ற கட்டத்தில் முப்பத்தாறு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, இரண்டுக்கும் கீழே ஒரு கோடு இழுத்தாள்.