பெயர் சொல்லித்தான் திட்ட வேண்டும்

என் கணவருக்கு எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்கத் தெரியாது. ஆராய்ச்சி செய்வார். ஒரு மிக்ஸி வாங்குவதற்கு வாரக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டு, கடைசியில் கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாரோ அதை வாங்கி வந்தார். நாய்க்குட்டியைப் பழக்குகிற விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. மிக்ஸி சரியில்லையென்றால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது மாங்காட்டில், ஒரு வாடகை வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி. என் கணவர் ஜெகதீஷுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ஒரே மகள் வர்ஷா, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆகஸ்டில் ஒரு மழை நாளில், ஜெகதீஷ் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்து நின்றார். கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் கிடந்ததாம். தாயை லாரி அடித்துவிட்டதாம். "ரெண்டு நாள் இருக்கட்டும் பவ்யா" என்றார். ரெண்டு நாள் என்று வந்த எதுவும் இந்த வீட்டை விட்டுப் போனதில்லை, அவருடைய சித்தப்பா மகன் உட்பட.

எனக்குச் சொந்த ஊர் முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டி. குட்டி பக்குவமாக வறுத்த முந்திரியின் நிறத்தில் இருந்தது. முன்னங்கால்களைச் சேர்த்து வளைந்து படுத்தால் வடிவமும் அதேதான். வர்ஷா பார்த்தவுடனே "முந்திரி" என்றாள். அதற்கு மேல் யாரும் பெயர் யோசிக்கவில்லை.

பெயர் வைத்தவள் சட்டமும் போட்டாள். கொரியர் கொண்டு வந்த பையன் ஒருநாள், "அக்கா, நாய் கடிக்குமா?" என்று கேட்டுவிட்டான். வர்ஷாவுக்கு வந்ததே கோபம்! "அது நாய் இல்ல, முந்திரி. உங்களை யாராவது மனுஷானு கூப்பிட்டா நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் நாய் என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பத்து தோப்புக்கரணம். திட்டுவதாக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் திட்ட வேண்டும். அவள் அப்பா முதல் வாரத்திலேயே மூன்று முறை மாட்டிக்கொண்டு, காதைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் உட்கார்ந்து எழுந்தார். அவர் உட்காரும்போதெல்லாம் குட்டியும் உட்கார்ந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்பைத் தட்சிணாமூர்த்தி மாடிப்படி ஏறி வந்து நிறுத்தினார்.

"இன்னாமா இது, பெல்லு அடிச்சா கத்துது, கொரியர்காரன் வந்தா கத்துது, செவுத்துமேல பூனை போனா அதுக்கும் கத்துது. தீபாவளிக்கு எம்பொண்ணு கைக்கொழந்தையோட வருது. அதுக்குள்ள கம்முனு கீற மாதிரி பழக்குங்க. இல்லாங்காட்டி எங்கனா கொண்டுபோய் உட்டுடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிளவுஸ் கொடுக்கவும் வாங்கவும் பெண்கள் வந்தபடியே இருப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் முந்திரி தன் உடம்பை விடப் பெரிய குரலில் குரைக்கும். ஆனால் வர்ஷா அன்று இரவு சாப்பிடவில்லை. "முந்திரியை விட்டுட மாட்டீங்கல்ல?" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். "அப்பா பார்த்துக்கறேன்டா" என்று சொல்லிவிட்டு, ஜெகதீஷ் ஆராய்ச்சியில் இறங்கினார்.

இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று, மணி அடித்து அது குரைக்காமல் இருந்தால் உடனே ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துக் கொஞ்ச வேண்டும். அதைச் சொன்ன வீடியோவில் வந்த பெண்மணி, பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றாள். இன்னொன்று டப்பா வழி. காலி டப்பாவில் நட்டு, போல்ட் போட்டு மூடி, குரைத்தவுடன் அதட்டிக்கொண்டே காதருகில் ஒரு குலுக்கு குலுக்க வேண்டும். ஜெகதீஷுடன் வேலை செய்யும் ஜஸ்டின் வீட்டில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒன்று வளர்கிறது. அவரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"பிஸ்கட் குடுத்தா பிஸ்கட்டுக்குத்தான் மச்சான் பழகும். டப்பாதான் கரெக்ட். ஒரே வாரம். அடியாத மாடு படியாதுனு சும்மாவா சொன்னாங்க?"

"அடிக்கவே வேணாம்ல?" என்று ஜெகதீஷ் இரண்டு முறை கேட்டார். எறும்பை மிதித்தால்கூட நின்று பார்க்கிற மனிதர்.

"தொடக்கூட வேணாம். சத்தம் மட்டும்தான்."

எனக்குப் பிஸ்கட் வழிதான் பிடித்திருந்தது. சொன்னேன். அவர் காலண்டரைக் காட்டினார். கடைசியில் எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் முடிகிற மாதிரி இதுவும் பாதிப் பாதியாக முடிந்தது. பகலில் நான் பிஸ்கட், மாலையில் அவர் டப்பா.

பகல் பாதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வாசலில் ஒருத்தி ஜாக்கெட் அளவு சரியில்லை என்று நிற்கிறாள், மிஷினில் பாதி கை தொங்குகிறது, அந்த நேரத்தில் குட்டி எப்போது வாயை மூடும் என்று பிஸ்கட்டும் கையுமாக எத்தனை நேரம் நிற்பது? அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அந்த அவசரம். டப்பா செருப்பு ஸ்டாண்டின் மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நானும் எடுத்தேன்.

குலுக்கும்போது அதட்ட வேண்டுமே, என்ன சொல்லி அதட்டுவது? சீ நாயே என்று சொல்ல எங்கள் வீட்டுச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் அவரும் நானும் "முந்திரி!" என்று உரக்கக் கத்தி, டப்பாவை ஒரு குலுக்கு குலுக்கினோம். மணி அடிக்கும், அது குரைக்கும், "முந்திரி!", கடகட. நாளெல்லாம் இதுதான்.

ஜஸ்டின் சொன்னபடியே பலித்தது. சீக்கிரமே டப்பாவைக் கையில் எடுக்கக்கூடத் தேவைப்படவில்லை. பெயரைச் சொன்னாலே வாயை மூடிக்கொண்டு, வாலை அடக்கிக்கொண்டு என் தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜெகதீஷுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா, பேரைச் சொன்னா போதும். எவ்வளவு புத்தி!"

நானும் பெருமைப்பட்டேன். வருகிற பெண்களிடமெல்லாம் சொன்னேன். வர்ஷா மட்டும் ஒருநாள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "அம்மா, முந்திரி கூப்பிட்டா வர மாட்டேங்குது" என்றாள். தைத்துக்கொண்டே, "தூக்கம் வருது போல, விடு" என்றேன். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பந்து என் கண் முன்னால் இருக்கிறது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம். பிளவுஸ் வாங்க வந்தவளுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சில்லறைப் பேச்சு பேசிக்கொண்டிருந்தேன். தெருவில் பையன்கள் ஒரு வெடியைப் போட்டார்கள். காலுக்கடியில் ஏதோ ஓடியது. நான் திரும்புவதற்குள் முந்திரி படியிறங்கிப் போயிருந்தது.

ஜெகதீஷ் அம்பத்தூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தார். மூன்று பேரும் தெருத்தெருவாகத் தேடினோம். காலி மனைகளில் முட்செடிக்குள் தேடினோம். அம்மன் கோயில் தெரு வரை போனோம். மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு கோமளா அக்கா, அவர் மகன் நிர்மல், பிளவுஸ் வாங்க வந்தவள்கூட, எல்லோரும் சேர்ந்து "முந்திரீ! முந்திரீ!" என்று கத்தினோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாதி கட்டி நிறுத்தியிருக்கிற வீட்டுக்குள்ளும் போனோம். ஜெகதீஷ் செல்போன் வெளிச்சத்தை அறை அறையாக அடித்து, தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒரு முனகல்கூட இல்லை. இங்கே இருந்தால் நம் குரலுக்குப் பதில் கொடுக்காமல் இருக்குமா என்று நான்தான் சொன்னேன். வெளியே வந்துவிட்டோம். மறுபடி ஒரு தரம் போனோம். மறுபடி கூப்பிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகும் மாடியில் மழைச் சத்தம்தான் கேட்டது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. போனது போகட்டும் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்.

விடிந்ததும் மணி அடித்தது. தட்சிணாமூர்த்தி நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"இன்னா சார், நாயிய எங்க கட்டி வெச்சிகீறீங்க? நைட்டு பூரா என் ஜன்னலாண்ட முனகிகினே கீது. கண்ணு மூட உடல."

ஜெகதீஷ் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். "எங்கே சார்?"

"பின்னால, அந்த அரைகொறை ஊட்டுப் பக்கம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து கேட்டுகினுதான் கீறேன்." அதற்குள் எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சார், நல்லாதான் பழக்கிகீறீங்க. நீங்க வந்து பேரச் சொல்லி ஒரு கொரல் குடுத்தா டக்குனு நின்னுபோவுது. நீங்க அப்பால போனதும் மறுபடி ஆரம்பிக்குது. அதட்டத்தான் வந்து வந்து போறீங்கன்னு நான் நென்சிகினேன்."

மனதாரப் பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. செருப்பை எடுக்க ஸ்டாண்டின் பக்கம் திரும்பினேன். கை பட்டு டப்பா கீழே விழுந்து கடகடவென்று உருண்டது.

அந்த வீட்டின் கூரை போடாத முன்னறையில், பலகைகளால் பாதி மூடிய தண்ணீர்த் தொட்டி தரையோடு தரையாக இருந்தது. முந்தின மாலை நாங்கள் நின்று கத்திய இடத்திலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம். பலகையை விலக்கினோம். அடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஓரத்தில் உடைந்த செங்கல் குவியலின் மேல், நனைந்து சுருங்கி, முந்திரி நடுங்கிக்கொண்டிருந்தது.

"முந்திரி!" என்றார் ஜெகதீஷ். அழுதுகொண்டே, ஆசையாகத்தான் சொன்னார்.

முனகல் நின்றது. அது காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. தொட்டியின் நடுவே ஒரு தடுப்புச் சுவர், அதன் அடியில் ஒரு ஓட்டை. அதற்குள் நுழைந்து அந்தப் பக்கத்து இருட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்துக்கு மேலே திறப்பு கிடையாது. ஓட்டையில் ஆள் நுழைய முடியாது.

ஏணி வைத்து ஜெகதீஷ் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் குனிந்து, பிஸ்கட்டை நீட்டி, "முந்திரி, வாடா, முந்திரி" என்று கெஞ்சினார். ஒவ்வொரு தடவைக்கும் உள்ளே தண்ணீர் சலசலத்தது. அது இன்னும் தள்ளிப் போனது. மேலே மழை மறுபடி பிடித்தது. ஓட்டையில் காற்றுக்கு இருந்த இடம் இரண்டு விரல்கடைதான்.

"பேரைச் சொல்லாதீங்க" என்றேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஏங்க, பேரைச் சொல்லாதீங்க!"

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் இனி ஒருமுறை பார்க்க விரும்பவில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

வர்ஷா சேறு என்றும் பார்க்காமல் தொட்டி ஓரத்தில் குப்புறப் படுத்தாள். தலையை உள்ளே விட்டாள். என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து என்னைப் பேசவேண்டாம் என்றாள். பிறகு மெதுவாக, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி கூப்பிட்டாள்.

"நாயி... நாய்க்குட்டி... வா, நாய்க்குட்டி."

அவள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டு வந்து லைனிங் துணியில் சுற்றி, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, பால் காய்ச்சிக் கொடுத்தோம். தட்சிணாமூர்த்தி படியேறி வந்து எட்டிப் பார்த்து, "பொயச்சிகிச்சா?" என்று கேட்டுவிட்டு நின்றார். "கொழந்தை வந்தா இன்னா சார், கத்துனா கத்திட்டு போவுது" என்றார். அது கத்தவில்லை. அவர் மணியை அடித்தபோதும் கத்தவில்லை. இன்றுவரை கத்தவில்லை.

ஜெகதீஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனார். குப்பைத் தொட்டியில் அது விழுகிற சத்தம் மாடி வரை கேட்டது. துணிச் சுருளுக்குள் குட்டி ஒருமுறை விதிர்த்து அடங்கியது. அவர் திரும்பி வந்தபோது வர்ஷா நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். சேறு காய்ந்த கைகளால் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள்.

"எதுக்கும்மா?" என்றார் அவர்.

"நாய்னு சொல்லிட்டேன்ல."

அவர் ஓடிப்போய் அவள் கைகளைக் காதிலிருந்து எடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. எண்ணிக்கொண்டே பத்தையும் போட்டு முடித்தாள். குட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு அவள் அப்பாவோடு உட்கார்ந்ததுபோல அவளோடு சேர்ந்து உட்காரவில்லை.

மூச்சு வாங்க அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். சட்டம் போட்டவள்தானே, தானே மாற்றினாள்.

"அம்மா, அப்பா, இனிமே எல்லாரும் நாய்னே கூப்பிடலாம். அந்தப் பேரு அதுக்கு வேணாம். அது பாவம்."