நகம் வளரும் கணக்கு

ரொட்டிக்கு மாவு உருட்டுகிற கைக்கு நகம் ஆகாது. உருண்டையின் மேல்தோல் விறைப்பாக இருந்தால்தான் உள்ளே காற்று நிற்கும். நகம் கீறினால் அடுப்பில் சப்பென்று உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு மாதம் பொட்டலம் கட்டும் பக்கம் போகட்டுமா என்று அவள் பேக்கரி மாஸ்டரிடம் கேட்டாள்.

"ஊர்ல எல்லாரும் முடி வளர்ப்பாங்க. நீ ஒத்த நகம் வளர்க்கிறியாம்மா?" என்றார். ஆனாலும் விட்டார்.

கப்பலில் இன்ஜின் பார்க்கிற கணவன், போகும்போது ஃபிளமெங்கோ என்கிற ஸ்பெயின் நாட்டு கிடார் மெட்டு ஒன்றைக் கைபேசியில் பதிந்து கொடுத்திருந்தான். மற்ற விரல்களின் பங்கை அவன் வாசித்து, கட்டைவிரலின் பங்குக்கு அங்கங்கே இடம் விட்டிருந்தான். வந்ததும் இரண்டு கிடாராகச் சேர்ந்து வாசிப்பது என்று பேச்சு.

பார்ப்பதற்கு லேசான வேலைதான். கீழ்நோக்கி அடித்த கட்டைவிரல் காற்றில் நிற்கக்கூடாது. அடுத்த தந்தியின்மேல் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து மேலே வரும்போது நகத்தின் முதுகு தந்தியைச் சுண்டும். உடனே மறுபடி கீழே. விரல் மடங்காமல், பூட்டில் சாவி திருப்புவதுபோல மணிக்கட்டு திரும்ப வேண்டும். நகம் இல்லையென்றால் மேலே வரும் அடி சதையில் மோதி மொத்தென்று செத்துப்போகும்.

தினமும் வேலை விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் விட்ட இடங்களில் விரலை இறக்கினாள். மூன்றாவது இடத்துக்கு முன்னால் அவன் மெல்ல மூச்சிழுப்பது பதிவில் கேட்கும். அதை மட்டும் தேவைக்கு மேல் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

நகம் சரியான அளவுக்கு வந்த வாரம் அவனிடமிருந்து போன் வந்தது. கப்பலில் அவன் இடத்துக்கு வரவேண்டிய ஆள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டானாம். இன்னும் மூன்று மாதம்.

"நகம் வந்துடுச்சா?"

"அது வந்துடுச்சு. நீங்கதான் வரல."

இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே, வாசித்துக் காட்டச் சொன்னான். போனை மெத்தைமேல் வைத்துவிட்டு வாசித்தாள். மேலே வரும் அடி ஒவ்வொன்றும் கணீரென்று விழுந்தது.

"மூணாவது இடத்துல அவசரப்படுற," என்றான்.

"அதான் மூணு மாசம் இருக்கே. திருத்திக்கறேன்."

திங்கட்கிழமை உருட்டும் மேசையில் ஆள் பற்றவில்லை. அவள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வந்து மாவில் கை வைத்தாள்.

அன்று சாயங்காலம் பதிவைப் போட்டு, கீழே அடித்தாள். மேலே வரும் அடிக்குத் தந்தியைத் தொடாமல் விரலை மட்டும் கொண்டுவந்தாள். மறுபடி கீழே அடித்தாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் பொட்டலம் கட்டப் போவேன் என்று மாஸ்டரிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.