பேர் வெட்டாத கல்

சீர்வரிசையில் இரும்பு வைக்க மாட்டார்கள். பித்தளை வைப்பார்கள், எவர்சில்வர் வைப்பார்கள், ஒன்றுக்கும் உதவாத பிளாஸ்டிக் பூச்சாடியைக்கூட வைப்பார்கள். இரும்பு மட்டும் சனீஸ்வரனுக்கு உரியதாம், ஆகாதாம். அதனால் என் கலியாணத்தில் அண்டா முதல் ஆழாக்கு வரை எல்லாவற்றிலும் ‘பவித்ரா, தெள்ளார்’ என்று பேர் வெட்டி ஆரணிக்கு அனுப்பினார்கள். பேர் வெட்டின சாமான் பெண் வீட்டுச் சாமான், வெட்டாதது மாப்பிள்ளை வீட்டுச் சாமான். இந்தச் சட்டத்தை எந்தக் கோர்ட்டும் போடவில்லை. ஆனாலும் போன வருஷம் நானும் குமரேசனும் பிரிந்தபோது பஞ்சாயத்து இந்தச் சட்டத்தின்படிதான் நடந்தது. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வேன். அந்த மனுஷன் அவர் அம்மாவைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார்.

குமரேசனின் தாய்மாமன் பலராமன் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துப் பார்த்தார். பேர் இருந்தது என் பக்கம் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு, “என் தோசைக்கல்லு எங்கீங்க?” என்று கேட்டேன்.

“இரும்ப யாரும்மா சீர்ல குடுப்பாங்க?” என்றார் பலராமன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சீர் இல்லீங்க. நான் வாங்குனது.”

“அதுல பேரு வெட்டிக்கீதா?”

வார்ப்பிரும்பில் எங்கே பேர் வெட்டுவது? உளியை வைத்து ஓங்கினால் விரிசல் விட்டுவிடும். அது அவருக்கும் தெரியும். என் மாமியார் செல்லியம்மாள் தூணில் சாய்ந்தபடி, “அது எங்கம்மா வூட்டுக் கல்லு” என்றார். கண்கூட இமைக்கவில்லை.

பொய். அந்தக் கல்லை நான் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் திருவிழாக் கடையில் வாங்கினேன். அவர்கள் வீட்டுத் தறிக்கு இல்லை, பக்கத்துத் தெருத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றி வந்த என் சொந்தக் கூலியில் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போனது. அதில் எத்தனை தோசை சுட்டிருப்பேன்! எந்த இடத்தில் சூடு அதிகம், எந்த ஓரத்தில் எண்ணெய் தேங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அத்தனை பேர் சிரித்தார்களே, அந்தச் சிரிப்புதான் எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

பிறகு ஆரணியிலேயே கொசப்பாளையத்தில் ஒரு அறை பிடித்து, தள்ளுவண்டியில் டிபன் போட ஆரம்பித்தேன். மெல்லிய தகட்டுக் கல்தான் இருந்தது. நடுவில் கருகும், ஓரத்தில் மாவாக நிற்கும். தறிக்குப் போகிற வழியில் சாப்பிட வருகிறவர்கள் மரியாதைக்கு விழுங்கிவிட்டு மறுநாள் வேறு கடைக்குப் போனார்கள். புதுசாக ஒரு வார்ப்புக் கல் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் நான் பழக்கின கல் இன்னொருத்தர் வீட்டில் கிடக்கும்போது, இன்னொன்றை வாங்கி முதலிலிருந்து பழக்க என் ரோஷம் விடவில்லை. பிடிவாதக்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

வண்டிக்கு ஒரு இரும்புச் சட்டம் தேடி இருதயசாமி அண்ணனின் காயலாங்கடைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். உடைந்த சைக்கிள் சக்கரங்களுக்கு அடியில் பாதி தெரிந்தது. இழுத்து எடுத்தேன். விரற்கடை கனத்துக்குக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, தார் பூசின மாதிரி இருந்தது. விரலை மடக்கிச் சுண்டினேன். கணீரென்றது. விரிசல் இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும், இது நல்ல கல். சாண் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் பிடிக்கிற காது இருக்குமே, அதில் ஒரு காது கொஞ்சம் தொங்கியிருந்தது. என் கல்லுக்கும் ஒரு காது தொங்கல்.

அடிப்பக்கத்தைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. இரும்பை ஊற்றும்போது காற்று சிக்கிக்கொண்டதால் என் கல்லின் முதுகில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. ஆனால் இதன் அடிப்பக்கம் முழுக்கக் கரி. பள்ளம் எங்கே போய்விடும், கரிக்குள்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்குப் பார்த்ததெல்லாம் போதும்.

“அண்ணே, இது என் கல்லு. காலைல காசோட வரேன், யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“எடுத்துக்கம்மா, தோசைக்கல்லுக்கு யாரு இங்க சண்ட போடப் போறாங்க?” என்றார் இருதயசாமி.

பாவம், வாய் முகூர்த்தம். மறுநாள் காலையில் நான் போனபோது கடை வாசலில் செல்லியம்மாள் நின்றிருந்தார், பின்னால் குமரேசன். நான் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை யாரோ புண்ணியவான் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“அது எங்கம்மா எனக்குக் குடுத்த கல்லு. பரண்ல கெடந்தது. போகிக்கு ஒழிச்சப்போ தெரியாம மூட்டைல போயிடுச்சி” என்று செல்லியம்மாள் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ரேணுகாம்பா மேல சத்தியம். அத இவ வெச்சிகினு ரோட்ல தோச சுட்டு எங்க மானத்த வாங்குவாளா?”

“உங்க மானம் என்னா மாவுலயா கரைஞ்சிகினு கீது?” என்றேன்.

“பாரு, பேசற பேச்சப் பாரு!”

இருதயசாமி தலையைச் சொறிந்தார். “பேஜார் பண்ணாதீங்கம்மா. எங்கிட்ட எல்லாம் மூட்டைல வருது. எது யாரு வூட்டுதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

குமரேசன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “வுடேன் பவி. ஒரு கல்லுதான?”

“ஒரு கல்லுதானேங்க? அப்ப நீங்க வுடுங்க.”

அவர் அம்மாவைப் பார்த்தார். நான் அதற்கு மேல் யாரையும் பார்க்கவில்லை. கல்லை நானே தூக்கித் தராசில் வைத்தேன், எடைக்கு உண்டான காசை இருதயசாமியின் கையில் திணித்தேன், குடத்தை வைக்கிற மாதிரி கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். புடவையெல்லாம் கரி. பின்னாலிருந்து செல்லியம்மாள் சாபம் விட்டுக்கொண்டே வந்தார். கொசப்பாளையம் முழுக்க நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். கலியாணத்தன்றுகூட அப்படி நடந்ததில்லை, அன்றைக்குத் தலையைக் குனியச் சொன்னார்கள்.

கரி ஏறின கல்லைத் தேய்த்து மாளாது, சுட்டுத்தான் எடுக்க வேண்டும். வறட்டியை அடுக்கி நடுவில் கல்லைப் புதைத்து நெருப்பு வைத்தேன். அவசரப்பட்டு வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினால் இரண்டாக வெடித்துவிடும். சாம்பலோடு சாம்பலாகத் தானே ஆறும்வரை விட்டுவைத்தேன். பிறகு தட்டத் தட்டக் கரி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. செங்கல் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆசையோடு கவிழ்த்துப் பார்த்தேன்.

பள்ளம் இல்லை.

விரலால் தடவினேன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முதுகு வழவழவென்று இருந்தது. ஓரத்தில், தொங்கின காதுக்குப் பக்கத்தில், வார்ப்பிலேயே மேடாக ஒரு சின்ன நட்சத்திரம். எந்தப் பட்டறைக்காரன் வைத்த அடையாளமோ, எந்த வீட்டில் கிடந்ததோ. என் கல்லில் நட்சத்திரமும் கிடையாது, நிலாவும் கிடையாது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அவமானமாக இருந்தது. தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டு, யாரோ வீட்டுக் கல்லை என் கல் என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என் கையில் எத்தனை நாள் இருந்த பொருள், அதைக்கூடவா எனக்குத் தெரியவில்லை என்று அழுகை முட்டியது. அப்புறம் செல்லியம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. ‘எங்கம்மா குடுத்த கல்லு, ரேணுகாம்பா மேல சத்தியம்!’ அந்த வீட்டில் இருந்த ஒரே வார்ப்புக் கல் என் கல்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானாவது ஏமாந்தேன். அந்தம்மா சாமியையே சாட்சிக்கு இழுத்துவிட்டாரே!

திருப்பிக் கொடுக்கவா? யாரிடம் கொடுப்பது? காசு கொடுத்து எடைக்கு வாங்கின கல். கஞ்சியில் ஊறப்போட்டேன், நல்லெண்ணெய் தடவிக் காயவைத்தேன், வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தேன். முதலில் ஊற்றின தோசைகள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. நானும் விடவில்லை. “நீயும் யார் யாருக்கோ சுட்டுக் களைச்சி வந்துக்கீற, நானும் அப்பிடித்தான், வழிக்கு வா” என்று திட்டிக்கொண்டே சுரண்டினேன். ஒரு நாள் காலையில் தோசை தானாகவே ஓரம் தூக்கிக்கொண்டு எழுந்தது. சிவந்த, ஓட்டை ஓட்டையாகப் பூத்த தோசை. தறிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். ரைஸ் மில் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள்.

இருதயசாமி ஒரு நாள் சாப்பிட வந்தார். “உன் கல்லு உன்கிட்டயே வந்துடுச்சி இல்லம்மா” என்றார்.

“இது என் கல்லு இல்லண்ணே. கரி போனப்புறம்தான் தெரிஞ்சிது” என்றேன். மறைத்து வைத்துக் காப்பாற்ற எனக்கு என்ன இருக்கிறது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் டீக்கடையில் சொல்ல, டீக்கடை தறிக்குச் சொல்ல, பொழுது சாய்வதற்குள் விஷயம் செல்லியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை, கூட்டம் நெருக்குகிற நேரம் பார்த்து மூன்று பேரும் வந்தார்கள். பலராமன் முன்னால், செல்லியம்மாள் நடுவில், கடைசியில் குமரேசன். அவர் கையில் துணியால் சுற்றின ஒரு கனம். வண்டியின் பலகை மேல் அதை வைத்துத் துணியைப் பிரித்தார்கள். துருப்பிடித்த ஒரு தோசைக்கல்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!” என்று செல்லியம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். “அன்னிக்குக் காயலாங்கடைல அது என் கல்லு, என் கல்லுன்னு கூத்தடிச்சாளே, பச்சப் பொய்யி! இவ வாங்கிகினு வந்த கல்லு இதோ கீது. எங்க வூட்டுப் பரண்லயே இத்தினி நாளா கெடந்துது. இந்தாடி உன் கல்லு!”

சட்டினியைத் தொட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவர்தான் முதலில் கேட்டார். “ஏம்மா, அப்ப அன்னிக்கு உங்கம்மா குடுத்த கல்லுன்னு சத்தியம் பண்ணியே, அது எந்தக் கல்லு?”

செல்லியம்மாள் மறுபடியும் சத்தியத்துக்குக் கையைத் தூக்கினார். பலராமன், “நீ கொஞ்சம் சும்மா இரேன்க்கா” என்று பல்லைக் கடித்தார். கொஞ்சம் தாமதமான புத்தி.

நான் துருப்பிடித்த கல்லைத் திருப்பினேன். புளியங்கொட்டைப் பள்ளம் அங்கேயே இருந்தது. விரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது.

சுற்றி நின்றவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘உங்க வூட்டுப் பொருள் எனக்கு வேணாம்’ என்று சினிமாவில் வருகிற மாதிரி தூக்கி எறிவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எதற்கு எறிய வேண்டும்? என் கூலியில் நான் வாங்கினது. விட்டுக்கொடுத்து நல்ல பேர் வாங்கின காலமெல்லாம் அந்த வீட்டோடு போயிற்று.

“பலராமன் மாமா” என்றேன். “பேரு வெட்டாத கல்லு. யாரு கல்லுன்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க.”

“அதான் அக்கா சொல்லிச்சே.”

“அன்னிக்கு நடுவுல உக்காந்துகினு தீர்ப்பு சொன்னது நீங்க. நீங்க சொல்லுங்க.”

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. “உன்னுதுதாம்மா” என்றார், தரையைப் பார்த்து.

இரண்டு கையாலும் கல்லை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தேன்.

செல்லியம்மாள் அப்படியே போய்விடுவாரா என்ன? “அப்ப அடுப்பு மேல கீற அந்தக் கல்ல எறக்கு” என்றார். “அது உன்னுது இல்லன்னு நீயே ஒத்துக்கினியே. ரெண்டையும் வெச்சிகினா எப்பிடி? எங்க கல்லக் குடு.”

“உங்க அம்மா வூட்டுக் கல்லாச்சே, தாராளமா எடுத்துகினு போங்க” என்றேன். தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.

கல் பழுக்கக் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. செல்லியம்மாள் மகனைப் பார்த்தார். குமரேசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த மனுஷன் தன் அம்மா சொல்லி ஒன்றைச் செய்யாமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தண்ணீரைத் தெளித்தேன். சுர்ரென்றது. மாவை ஊற்றிக்கொண்டே, “அடுத்து யாருக்கு?” என்று கேட்டேன்.