ஒரு வரி இடம்

மனைவியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்வதற்குள், செல்லத்துரையின் கையில் பேனாவைத் திணித்துவிட்டான் மச்சினன் காளிராஜ்.

“அத்தான், போஸ்டருக்கு எழுதுங்க. குருசாமி அண்ணாச்சி பிரஸ்ஸைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்காவ. நாலு மணிக்கு எடுக்கணும்.”

“நீயே எழுதேன், காளி.”

“வீட்டுல எழுத்தாளரை வச்சுக்கிட்டு நான் எழுதுனா ஊரு சிரிக்காதா? ஒங்க கதை மாதிரி நாலு வரியில முடிச்சிராதீங்க. குடும்பம் பெருசு.”

எழுத்தாளர் என்பது பெரிய வார்த்தை. செல்லத்துரை லாரி ஷெட்டில் பில் போடுகிறவர். வாரப் பத்திரிகைகளில் அரைப்பக்கக் கதை எழுதுவார். அரைப்பக்கத்தில் பாதி படத்துக்குப் போய்விடும். தலைப்புக்கும் அவர் பேருக்கும் போக, கதைக்கும் கொஞ்சம் இடம் கிடைப்பது ஆசிரியரின் பெருந்தன்மை. பதினெட்டு வருஷத்தில் எழுதிய அத்தனையையும் சேர்த்துத் தைத்தாலும் ஒரு பஞ்சாங்கத்தின் கனம் வராது.

ஆரம்பத்தில் அவரும் நீளமாகத்தான் எழுதினார். முதல் கதை அறுபது பக்கம். அதன் நாயகன் ஆற்றங்கரையில் நின்று பெருமூச்சு விடுவதற்கே நாலு பக்கம் பிடித்தது. மனைவி பாண்டியம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கிக் கொடுப்பவள். மடியில் குச்சி அடுக்கும் கட்டையைச் சாய்த்து வைத்து, சட்டம் சட்டமாகக் குச்சியை அடுக்கியபடியே கேட்டாள். மூன்று கட்டை நிறைந்துவிட்டது. நாயகன் இன்னும் பெருமூச்சை முடிக்கவில்லை.

“ஏங்க, ஒரு கட்டை அடுக்கி முடிக்கதுக்குள்ள அவன் சாவணும், இல்ல பொழைக்கணும். எனக்கு வேற சோலி இருக்கு” என்றாள்.

அன்றிலிருந்து அதுவே அளவு. அவர் வாசிப்பார். அவள் குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்.

“இந்த ஜோசியரு எதுக்கு?”

“சும்மா, ஒரு ஓரமா நிக்காரு.”

“அவரை எடுத்துட்டா கதை விழுந்திருமா?”

“விழாது.”

“அப்ப வீட்டுக்கு அனுப்பிருங்க. பாவம், எவ்வளவு நேரம் நிப்பாரு.”

ஜோசியர்கள், நிலா, மழை, இரண்டு அண்ணிமார், ஒரு காதல் கடிதம் என்று அந்த வீட்டிலிருந்து திரும்பிப் போனவர்கள் அநேகம். எடுத்த இடத்தில் பள்ளம் விழவில்லை. படிக்கிறவர்கள் தாங்களே வந்து அங்கே நின்றுகொண்டார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பத்திரிகையில் யார் பேரைப் போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

சின்னக் கதையின் முழு லாபமும் அவள் நோயில் விழுந்த கடந்த பதினாலு மாதங்களில்தான் தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் மருந்து ஏறி முடிவதற்குள் ஒரு கதையை முடித்துவிடலாம். நாவல்காரன் என்றால் முதல் அத்தியாயத்திலேயே நர்ஸ் கூப்பிட்டிருப்பாள். பாண்டியம்மாளுக்கும் வரவர அதிகம் கேட்க முடியவில்லை. அரைப்பக்கம் எட்டு வரியானது. எட்டு, நாலானது. கண்ணை மூடிக் கேட்பாள். முடிந்ததும், சரி என்பதுபோல் விரலை லேசாக ஆட்டுவாள். போன வாரம் இரண்டே வரியில் ஒன்று சொன்னார். விரல் ஆடவில்லை.

“பொறவு?” என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி.

“பொறவு ஒண்ணும் இல்ல, பாண்டி. அவ்வளவுதான்.”

அதன்பின் அவளுக்குச் சொல்ல வேறு கதை வாய்க்கவில்லை. அதனால்தான் இந்தப் போஸ்டரில் அவளுக்கென்று ஒரே ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு. பாசமிகு, அருமை, குலவிளக்கு எதுவும் தொடாத வரி. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, பாண்டியம்மாள் என்ற பேருக்குக் கீழே எழுதினார்: ‘சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டவர்.’

அதற்குக் கீழே காளிராஜ் சொல்லச் சொல்ல இருபத்திரண்டு பேர்கள். கணவர், மகள், மருமகன், தம்பி, கழுகுமலைச் சகலை, சகலையின் சம்பந்தி. தாள் பிரஸ்ஸுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து, குளத்தூரிலிருந்து பெத்தம்மாள் வந்து இறங்கினாள். பாண்டியம்மாளின் பெரியம்மா. பந்தலுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

“எம்பேரு போட்டாச்சா?”

காளிராஜ் தலையைச் சொறிந்தான்.

“தாயில்லாப் பிள்ளைய எட்டு வருசம் வளத்தவ நான். சகலைக்குச் சம்பந்தி பேரு இருக்காம், எம்பேரு இல்லியாம். சோத்துக்கா வந்திருக்கேன்? அடுத்த பஸ் எப்பலே?”

“அத்தான்,” காளிராஜ் காதருகே வந்தான், “பெரியம்மா அழலேன்னா துட்டி வீடு துட்டி வீடு மாதிரியே இருக்காது. நீங்களே ஒரு எட்டு பிரஸ்ஸுக்குப் போயி பேரை ஏத்திட்டு வந்திருங்க. இடம் இல்லேன்னா, மேல என்னமோ ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதை எடுத்திருங்க. யாருக்கும் புரியல.”

பிணத்தை வீட்டில் போட்டுவிட்டுப் புருஷன் தெருவில் நடப்பதை இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். பதினாலு மாதம் தூங்காத கால்கள்.

குருசாமி எழுத்துகளைக் கோர்த்துச் சட்டத்தில் இறுக்கி வைத்திருந்தார்.

“இதுக்கு மேல ஒரு வரி ஏறாது, அண்ணாச்சி. எழுத்தைப் பொடிசாக்குனா அந்தப் பெரியம்மாவுக்கே கண்ணு தெரியாது. பேசாம இந்த ‘சொன்னதையெல்லாம்’ வரியை எடுத்திருவமா? அது உறவுமில்ல, பேருமில்ல. சண்டைக்கு ஆள் வராது.”

தலைகீழாய் நின்ற ஈய எழுத்துகளின் மேல் விரலை வைத்து, செல்லத்துரை ஒவ்வொரு பேராக நகர்த்தினார். காளிராஜ்: எடுத்தால் விழும். சகலை: வேன் வைத்து ஆள் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார், எடுத்தால் வேனோடு திரும்பிவிடுவார். சம்பந்தி: சகலைக்கு முன்னால் விழுவார். விரல் ஒரு சுற்றுப் போய்விட்டு, முதல் பேருக்கே திரும்பி வந்து நின்றது.

“இதை எடுத்திருங்க.”

குருசாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது நீங்க.”

“ஆமா. நான் சண்டைக்கு வரமாட்டேன்.”

குருசாமி சட்டத்தைத் தளர்த்தி, இடுக்கியால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அதனதன் அறையில் போடத் தொடங்கினார்.

பதினோரு மணி வெயிலில், ஒட்டுகிற ஆள் மெயின்ரோட்டுக்குப் போய்விட, தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒன்றைச் செல்லத்துரையே ஒட்டினார். பேர் ஏறிய சேதி அதற்குள் போய்விட்டது போலிருக்கிறது. வீட்டுப் பக்கமிருந்து பெத்தம்மாளின் குரல் எழும்பியது. தெருவையே கிழித்துவிடுகிற குரல்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒருவர், பிளாஸ்டிக் பையில் ரோஜா மாலையோடு, போஸ்டரின் முன்னால் நின்றார். முன்பின் பார்த்திராத ஆள். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

“‘சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டவர்.’ யாரு சொன்னதை?”

அந்த ஆளின் விரல் பேர்களின் மேல் இறங்கிப் போனது.

“மக இருக்கா, தம்பி இருக்காரு, சம்பந்தி வரைக்கும் இருக்கு. வீட்டுக்காரரைக் காணலியே. முந்திக்கிட்டாரோ?”

“இல்ல. இருக்காரு.”

“இருந்தும் பேரு போடலியா!”

அவர் மறுபடியும் மேலே போய் அந்த வரியைப் பார்த்தார்.

“அப்ப அவருதான் சொல்லியிருப்பாரு” என்றார்.

பிறகு மாலைப் பையைக் கை மாற்றிக்கொண்டு, “வீடு எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

செல்லத்துரை பசை அப்பிய கையை நீட்டிக் காட்டினார். அந்த ஆள் முன்னால் போக, கையை வேட்டியில் பட்டுவிடாமல் விலக்கிப் பிடித்தபடி, நாலு எட்டு பின்னால் அவரும் தெருவுக்குள் நடந்தார்.