தோற்கவென்று ஒரு ஜெபம்

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில், அவள் கணவன் தன்னிடமிருந்த பட்டன்கள் அத்தனையையும் இரண்டு கைகளாலும் அணைத்து மேசையின் நடுவே தள்ளினான். தள்ளிவிட்டு இடது கைக் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டான். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"முழுசும் வச்சுட்டேன்," என்றான்.

"பஸ் ஓட்டறவருக்கு பிரேக்கே கிடையாதா மாப்ள?" என்றார் தையல்காரர்.

பட்டன்கள் அவர் கடையில் உதிரியாகச் சேர்ந்தவை. அவர், பாஸ்டர், இவர்கள் இருவர் என்று நாலு பேர்தான் ஆட்டத்துக்கு. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து மேசையில். ஆடி முடித்ததும் அன்றைக்கு என்ன கற்றோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது பாஸ்டர் போட்ட நிபந்தனை. அதைக் கோத்து ஆலயத்தின் வாரத் தாளில் அரைப் பக்கம் எழுதுவது அவள். போக்கரில் என்ன விசுவாசப் பாடம் என்று முகம் சுளித்தவர்கள்கூட இப்போது தாளை வாங்கியதும் அந்த அரைப் பக்கத்தைத்தான் தேடினார்கள். கேட்டு வாங்க முடியாத சீட்டை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று எழுதியிருக்கிறாள். அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தன் கையில் இருப்பது மறந்துபோவதை எழுதியிருக்கிறாள். போன மாதம், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடனைப் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகு வருகிற தைரியத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள் என்று முடித்திருந்தாள். பாஸ்டர் அந்த வரியைப் பிரசங்கத்திலேயே சொன்னார். அவளுக்கு அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது.

கணவனின் கட்டைவிரலைப் பற்றி மட்டும் அவள் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் பிறர் முகத்தைப் பார்த்து, காதுக்கும் மூக்குக்கும் பொருந்துகிறதா என்று சட்டத்தை வளைத்துக் கொடுக்கிறவள். இறுக்குகிறது என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆளை அவர் கண்ணிமைக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்படித்தான் இதுவும் கண்ணில் பட்டது. கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாக வைக்கும்போது அவன் கட்டைவிரல் உள்ளே போய்விடும். ஆட்டம் முடிந்து சீட்டைக் கலைக்கும்போது இரண்டு மூன்று முறை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அதை வைத்து அவனை ஒரு தடவைகூட மடக்கியதில்லை. ஊரையே ஏமாற்றிவிட்ட மாதிரி அவன் சிரிக்கிற சிரிப்புக்காக, ஒன்றும் தெரியாதவளாகச் சீட்டைக் கீழே போட்டுவிடுவாள்.

இன்று காலை அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். கழுத்தில் இரண்டு மாதமாக இருக்கிற கட்டியில் ஊசி போட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். "ஒண்ணும் இல்லையாம். வெறும் கொழுப்புக் கட்டியாம்," என்றான். ரிப்போர்ட் எங்கே என்றதற்கு, அங்கேயே வைத்துக்கொண்டார்கள் என்றான். அவள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். அவனும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னான். கண்ணைத் திறந்தபோது அவன் கட்டைவிரல் உள்ளே இருந்தது.

அதிலிருந்து இந்த நேரம்வரை அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் பழக்கமாக இருக்கலாம். களைப்பாக இருக்கும்போதும் மடக்குவானோ என்னவோ. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு ஒரு விரலை நம்பி மனுஷனைச் சந்தேகப்படுவதா? திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை. ஆட்டம் தொடங்குமுன் பாஸ்டர் வேறு, "சிஸ்டர், நாளைக்கு ரெண்டு பேரும் முன்னால வந்து சாட்சி சொல்லணும். சபையே ஜெபிச்சதில்ல?" என்றுவிட்டார். கணவன் தலையாட்டினான். நாளைக் காலை மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் என்ன சொல்வாள்?

மேசையில் இஸ்பேடில் ராஜா, ஒன்பது, ஆறு. அவற்றோடு ஒரு டைமன் பத்தும் ஒரு சிவப்பு நாலும். அவன் கையில் இரண்டும் இஸ்பேடாக இருந்தால் ஐந்து இஸ்பேடு சேர்ந்துவிடும், எதிரே யாரும் நிற்க முடியாது. பாஸ்டர் சீட்டைக் கவிழ்த்தார். தையல்காரர், "எனக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கா, நான் வரலப்பா," என்று விலகிக்கொண்டார். அவள் கையில் ஒரு நாலு இருந்தது. ஆகமொத்தம் நாலில் ஒரு ஜோடி. போட்டுவிட்டுப் போகவேண்டிய கை.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கட்டைவிரல் உள்ளே இருக்கிறது. இந்தக் கை நிஜமான கையாக இருந்துவிட்டால் விரலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. காலையில் அவன் சொன்னதும் நிஜமாகிவிடும்.

சீட்டு விளையாட்டில் அவள் ஒருநாளும் ஜெபித்ததில்லை. விளையாட்டுக்கெல்லாம் கடவுளைக் கூப்பிடக் கூடாது என்று அதையே ஒரு வாரம் எழுதியவள். இப்போது உள்ளுக்குள் கெஞ்சினாள். ஆண்டவரே, நான் தோற்கவேண்டும். இவன் கையில் இரண்டு இஸ்பேடு இருக்கட்டும். என் பட்டனெல்லாம் போகட்டும். கெஞ்சும்போதே கூசியது. காயத்தில் விரலை வைக்கத்தானே நானும் கையை நீட்டுகிறேன்?

"நான் பாக்கறேன்," என்று தன் பட்டன்களைத் தள்ளினாள்.

கணவன் நிமிர்ந்தான். "வேணாம்மா. போட்டுரு. தோத்துருவ."

"தோத்தா பரவால்லங்க."

"சொன்னாக் கேளேன்."

"காட்டுங்க."

"அட, தங்கச்சிக்கு இன்னிக்கு என்ன ஆச்சு!" என்று தையல்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

அவன் முதல் சீட்டைத் திருப்பினான். இஸ்பேடு ஏஸ். தையல்காரர் விசிலடித்தார். அவளுக்கு அப்பாடா என்று ஒரு மூச்சு நெஞ்சுவரை வந்துவிட்டது. இன்னும் ஒன்று. ஒரே ஒரு இஸ்பேடு. இரண்டாவது சீட்டின்மேல் அவன் கை அசையாமல் கிடந்தது.

"திருப்புங்க பிரதர்," என்றார் பாஸ்டர் சிரித்துக்கொண்டே.

திருப்பினான். சிவப்பு மூன்று. அவள் தன் நாலைத் திருப்பி வைத்தாள்.

"வெறும் ஏஸை வச்சுக்கிட்டா இத்தனை அலம்பல்!" தையல்காரர் மேசையை ஓங்கித் தட்டினார். "நாலுல ஒரு ஜோடியை வச்சே கவுத்துட்டாங்களே! கண்டுபிடிச்சிட்டீங்களே தங்கச்சி, எப்படி?" அவர் குவியலை இரண்டு கைகளாலும் அவள் பக்கம் தள்ளிய வேகத்தில் பாதி பட்டன்கள் விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டி நாலா பக்கமும் உருண்டன. "அய்யய்யோ" என்று அவர் குனிய, பாஸ்டரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனார்.

மேலே அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"எப்போ வரச் சொல்லியிருக்காங்க?" என்றாள், உதடு மட்டும் அசைய.

அவன் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "திங்கக்கிழமை," என்றான். பிறகு, "ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

கீழே பீரோவுக்கு அடியில் ஒன்று போய்விட்டது என்று பாஸ்டர் சொல்வதும், அதையும் எடுத்தாகவேண்டும், ஜெயித்தவங்க சொத்து என்று தையல்காரர் சிரிப்பதும் கேட்டது. அவள் பக்கத்து விளிம்பில் ஒரு கை மட்டும் மேலே வந்து, ஒரு வெள்ளைப் பட்டனைத் தடவி வைத்துவிட்டுக் கீழே போனது. மறுபடி வந்து நீலம் ஒன்றை வைத்தது. மறுபடியும் வந்தது.